பை காலி

ஷாஹுல் ஹமீது பாய் வாயில் வரவே வராத வாக்கியம் ஒன்று இருந்தது. ‘எனக்குக் கேக்கலை’ என்பதுதான் அது. காத்து அடிச்சுது என்பார். நீ வாய்க்குள்ளயே பேசுற என்பார். பஸ் ஹார்ன் அடித்தான் என்பார். காது கேட்கவில்லை என்று மட்டும் சொல்ல மாட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள் அல்லவா, பாய் பூசணிக்காயை வைத்தார், நான் சோற்றை அள்ளிப் போட்டேன்.

என் பெயர் வேம்பு. சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டிய தெருவில், பாய் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறேன். இருபத்தொரு வருடம் அவரோடு கல்குவாரியில் வேலை பார்த்தேன். இப்போது அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வாட்ச்மேன். அந்தக் கட்டடத்தின் அஸ்திவாரத்தில் கிடப்பது எங்கள் குவாரி ஜல்லிதான். அது அங்கே குடியிருப்பவர்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும், கேட்டைச் சீக்கிரம் திற என்பார்கள்.

பாய் சைதாப்பேட்டையிலேயே பிறந்தவர். அவருடைய வாப்பா மார்க்கெட்டில் குடை ரிப்பேர் செய்தார். மழைக்காலம் முடிந்தால் வீட்டில் அடுப்பும் முடிந்துவிடும் என்பதால், பாய் பத்தொன்பது வயதிலேயே பல்லாவரம் பக்கம் கல் உடைக்கப் போனார். அப்போதெல்லாம் மலை ஊருக்குப் பக்கத்தில் இருந்தது. ஊர் வளர வளர மலை தேய்ந்தது, குவாரிகள் தள்ளிப் போயின. கடைசியில் செங்கல்பட்டையும் தாண்டிவிட்டோம். காலை ஐந்து மணிக்கு சைதாப்பேட்டை கோர்ட்டு வாசலில் வேன் வந்து நிற்கும். முன் சீட்டில் பாய்க்கு இடம். அது யாரும் கொடுத்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை. அவர்தான் வெடிக்காரர். பாறையில் துளைத்த குழிகளில் மருந்து வைத்துத் திரி கொளுத்த அவர் ஒருவருக்குத்தான் லைசென்ஸ் இருந்தது.

தி.நகர் வழியாகப் பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு பெரிய கடையாகக் காட்டி, “இது நம்ம கல்லு, அதுவும் நம்ம கல்லு” என்பார். பாதி பொய். ஆனால் அவர் சொல்லும்போது நமக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். பெரிய பாறைகளை உடைக்கும்போது பத்துப் பன்னிரண்டு குழிகளில் மருந்து வைப்போம். ஒவ்வொரு திரியும் ஒரு நீளம். அதனால் வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். எத்தனை திரியோ அத்தனை ஜல்லிக் கல்லை இரண்டு பேர் தங்கள் இடது பைக்குள் போட்டுக்கொள்வார்கள். ஒருவர் வெடிக்காரர், இன்னொருவர் நான். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு கல்லை எடுத்து வலது பையில் போட வேண்டும். இடது பை தீர்ந்ததும் இருவரும் தனித்தனியாக “பை காலி” என்று குரல் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து வெடிக்காரர் முதலில் பள்ளத்தில் இறங்கிப் பார்ப்பார். அவர் கை காட்டியதும் சைரன் ஊதும், ஆட்கள் இறங்குவார்கள். யாராவது ஒருவர் பையில் ஒரு கல் மிஞ்சினாலும் “கல்லு நிக்குது” என்று கத்த வேண்டும். ஏதோ ஒரு குழி வெடிக்காமல் பள்ளத்தில் காத்திருக்கிறது என்று அர்த்தம். அதன்பிறகு அரை மணி நேரம் ஈ காக்கை இறங்கக் கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், என் பையில் ஒரு கல் மிஞ்சியது. எண்ணுவதில் நான்தான் தப்பு விட்டிருப்பேன் என்று நினைத்து, கல்லைக் கீழே போட்டுவிட்டு இறங்கப் போனேன். பாய் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, எல்லோர் முன்னாலும் ஓங்கி ஓர் அறை விட்டார். கன்னம் எரிந்தது. அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது. இருபது நிமிடம் கழித்து அந்தக் குழி வெடித்தது. நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில் வேன் அளவுக்கு ஒரு பாறை இரண்டாகப் பிளந்து கிடந்தது.

பாய் அப்போது சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை. “கல்லு நிக்கும்போது எவனும் எறங்கக் கூடாது. நானே எறங்குன்னு சொன்னாலும் எறங்காத. நான் எறங்குனாலும் வுடாத.”

அந்த அறையால்தான் இன்று உயிரோடு இருக்கிறேன். இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் அறிகுறியைச் சாந்தோம் கடற்கரையில் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மீன் வாங்கப் போயிருந்தோம். அலை ஆள் உயரத்துக்கு எழும்பி விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் படகுகளுக்குப் பின்னால், தண்ணீர் கண்ணில் படாத இடத்தில் மீன்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தோம். பாய் திரும்பி என்னைக் கேட்டார்.

“இன்னா வேம்பு, இன்னிக்குக் கடலு சத்தமே காணோம்?”

மீன்காரம்மா என்னைப் பார்த்தாள். நான் மீனைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் அவருடைய மனைவி நஸ்ருன்னிசா அக்கா, தெருக் குழாயடியில் என்னை நிறுத்தினார். அக்கா அதிகம் பேசுகிறவர் இல்லை. குடத்தைக் குழாய்க்கடியில் வைத்துவிட்டுக் கேட்டார்.

“தம்பி, குக்கரு நாலு விசில் வந்தா அணைங்கன்னு அவராண்ட சொல்லிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போறேன். வந்து பாத்தா பருப்பு தீஞ்சிப் போய் கீது. அவரு அடுப்பு முன்னாடியேதான் குந்திக்கினு கீறாரு. கேட்டா, ரெண்டு விசில்தானே வந்துச்சுன்றாரு. மூணு நாளா இதே கதை.”

“வயசாவுதுல்லக்கா.”

“வயசு ஆனா ஆவுது தம்பி. வூட்டுல விசிலு எண்ண முடியாதவரு, அங்க போய் இன்னாத்த எண்றாரு?”

குடம் நிரம்பி வழிந்த பிறகும் அக்கா அசையவில்லை.

“நீங்க கூட இருந்து பாத்துக்குங்க. உங்களத்தான் நம்பிக்கினு கீறேன்” என்றார்.

“நான் கீறேன்கா. நீங்க கவலப்படாதீங்க” என்றேன். சொல்வதற்கு எவ்வளவு சுலபம்.

நானும் அக்காவும் கெஞ்சிக் கூத்தாடி அவரை ஆழ்வார்பேட்டையில் ஒரு காது டாக்டரிடம் அழைத்துப் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்றார்கள். வெளியே நாங்கள் உட்கார்ந்திருந்தோம். உள்ளே சத்தம் மாறி மாறி வந்துகொண்டிருந்ததாம். பாய் பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு, நேரே பார்த்தபடி, ஒரு கவலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு காதும் பெரும்பகுதி போய்விட்டது, வெடிச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது என்றார் டாக்டர். மெஷின் ஒன்று எழுதிக் கொடுத்தார். மகள் உம்மே ஹானி வாங்கிக் கொடுத்தாள். பாய் அதை டப்பாவோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காதில் வைத்து நான் பார்த்ததே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் கை போட்டார்.

“லைசென்சு போச்சுன்னா நான் யாரு வேம்பு? வாட்ச்மேன் வேலைக்குக்கூட காது வேணும்டா. ரெண்டே வருசம். அதுக்கப்புறம் நானே வுட்டுர்றேன். நீ எண்ணும்போது என் முன்னாடி நில்லு, போதும்.”

போதும் என்றுதான் எனக்கும் தோன்றியது.

அன்று முதல் நான் அவர் கண்ணுக்கு நேராக நின்றேன். ஒரு வெடி கேட்டதும் என் கை பைக்குப் போகும். அதைப் பார்த்து அவர் கையும் போகும். என் பை காலியானதும் நான் தலையைச் சொறிவேன். அவர் முதலில் “பை காலி” என்பார், பிறகு நான் சொல்வேன். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேர் எண்ணுவதாகத் தெரியும். எண்ணியது ஒருவன்தான். இரண்டு பேர் எண்ண வேண்டும் என்று எதற்காக வைத்தார்களோ அதை நாங்கள் இருவரும் சேர்ந்து குழி தோண்டிப் புதைத்தோம். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் செய்தேன். நன்றிக்கடன் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்துக்கொண்டேன்.

ஏழு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் இருந்ததுதான் எங்களைக் கெடுத்தது. இதற்குள் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போனது. நடுப்பகலிலும் கீழே பாதி நிழல். வெடித்து முடித்த பிறகும் மேல் விளிம்பிலிருந்து கல் தானாக உதிர்ந்து விழ ஆரம்பித்தது. குவாரியில் ஒரு நாய் இருந்தது, வெடி நேரத்தில் கொட்டகைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஏழாவது மாதம் அது வெடி முடிந்த பிறகும் வெளியே வர மறுத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. பாயிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “அதுக்கு வயசாயிடுச்சு” என்றார்.

பிறகு, போன வருடம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை ஓர் அதிகாரி வந்தார். பாதுகாப்பைச் சோதிக்க வந்தவர். இளைஞர், நல்ல மனிதர், கையில் ஒரு ஃபைல். எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டார். அன்றைக்குப் பன்னிரண்டு குழி. நானும் பாயும் பன்னிரண்டு கல் எண்ணி இடது பையில் போட்டோம். நான் வழக்கம்போல் பாய்க்கு முன்னால் போய் நின்றேன்.

“ஏன் ரெண்டு பேரும் ஒரே இடத்துல நிக்கறீங்க? ஒருத்தர் எண்றதை இன்னொருத்தர் பாக்கக் கூடாது. தனித்தனியா நில்லுங்க” என்றார் அதிகாரி.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் விதி. பாயைப் பள்ளத்தின் அந்த முனையில் இருந்த தடுப்புச் சுவரின் ஓரமாக நிறுத்தினார்கள். என்னை இந்த முனையில், அதிகாரிக்குப் பக்கத்தில். நடுவே இருநூறு அடி. போவதற்கு முன் பாய் என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டு போய் வைப்பது?

ஒன்று, இரண்டு, மூன்று. நான் கல்லை மாற்றிக்கொண்டே வந்தேன். தூரத்தில் பாய் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்பது தெரிந்தது. காலால் எண்ணுகிறார் என்று புரிந்துகொண்டேன். வெடி அதிர்ச்சி தரை வழியாகக் காலுக்கு வரும். கெட்டிக்கார மனிதர். பத்தாவது வெடிக்குப் பிறகு மேல் விளிம்பிலிருந்து ஒரு பெரிய பாளம் பெயர்ந்து கீழே விழுந்தது. தரை அதிர்ந்தது. அது வெடியில்லை, காதுள்ள எவனுக்கும் தெரியும். பாயின் கை பைக்குப் போனது.

அப்புறம் ஒரு வெடி. பதினொன்று. அதன்பிறகு ஒன்றுமில்லை. புகை மேலே ஏறியது.

அந்த முனையிலிருந்து பாயின் குரல் கணீரென்று வந்தது. “பை காலி.”

என் இடது பையில் ஒரு கல் இருந்தது. விரலுக்கும் துணிக்கும் நடுவில், கூர்மையான முனையோடு, அது இருந்தது. அதிகாரி என் பக்கம் திரும்பினார். பேனா ஃபைல் மேல் நின்றது.

‘கல்லு நிக்குது’ என்று சொன்னால் எண்ணிக்கை ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்பார். பாயைக் கூப்பிட்டு நிறுத்தி விசாரிப்பார். முதுகுப் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசினால் போதும், குட்டு உடைந்துவிடும். முப்பத்தெட்டு வருட வெடிக்காரர், டிப்பர் டிரைவர் முதல் டீக்காரர் வரை எல்லோர் முன்னாலும் செவிடன் என்று ஆகிவிடுவார். இதெல்லாம் ஒரு நொடியில் ஓடியது. இன்னொன்றும் ஓடியது. ஐந்து நிமிடம் இருக்கிறதே, அதற்குள் பாயிடம் போய்ச் சைகை காட்டி நிறுத்திவிடலாம். மானமும் போகாது, ஆளும் இறங்க மாட்டார்.

“பை காலி” என்றேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். நான் நகரப் போனேன். “இருங்க, உங்க பேரு, எத்தனை வருஷ சர்வீஸ்?” என்றார். சொன்னேன். வயது கேட்டார். சொன்னேன். பயிற்சி எடுத்தீர்களா என்றார். என்னவோ சொன்னேன். ஃபைலில் ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் திருப்பினார். நிமிர்ந்து பார்த்தேன், பாய் செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்க ஆரம்பித்திருந்தார். எனக்கு முதுகு காட்டி.

“பாய்!”

அதிகாரி திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். கொட்டகையில் இருந்தவர்கள் எழுந்தார்கள். கிரஷர் மெஷினில் இருந்தவன்கூட எட்டிப் பார்த்தான். “பாய், கல்லு நிக்குது! பாய்!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஓடினேன். மூன்று தடவை கூப்பிட்டேன். அந்தக் குவாரியில் அது கேட்காத ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர் நிதானமாக, எப்போதும் போல், கற்களைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போய்க்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாவது குழி அப்போது வெடித்தது.

பாய் சாகவில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. மிச்சமிருந்த காதும் போயிற்று. விசாரணையில், இரண்டு பேர் தனித்தனியாக எண்ணியதும் ஒத்துப்போனது, திரியில் கோளாறு இருந்திருக்கலாம் என்று எழுதினார்கள். நான் கத்தியதைப் பற்றிக் கேட்டார்கள். மனசுக்கு ஏதோ தோணுச்சு சார் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். பையில் இருந்த கல்லை சைதாப்பேட்டைப் பாலத்தின் மேலிருந்து அடையாற்றில் போட்டேன். வேலையையும் விட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடித்தவனுக்கு வேறென்ன வழி?

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் பாய் வீட்டுக்குப் போவேன். அவர் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருப்பார். அவரோடு பேச ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார்கள். நாம் அதில் எழுத வேண்டும், அவர் படித்துவிட்டு வாயால் பதில் சொல்வார். தன் குரல் தனக்குக் கேட்காததால் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுவார். அப்போதும் காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நோட்டை நீட்டி, “எழுதிக் காட்டு, இங்க ஒரே ரயில் சத்தம்” என்பார்.

நான் நோட்டில் எழுதுவது ஒன்று. சாப்டீங்களா, கால் வலி எப்படி, மழை வரும் போல கீது. நோட்டை மூடிய பிறகு வாயால் சொல்வது வேறு. ஜன்னலைப் பார்த்தபடி மெதுவான குரலில் எல்லாவற்றையும் சொல்வேன். என் பையில் கல் இருந்தது பாய். தெரிந்துதான் காலி என்று சொன்னேன் பாய். அவர் என் வாய் அசைவதைப் பார்த்து, ஏதோ ஊர்க்கதை என்று நினைத்துத் தலையாட்டுவார். சில நாள் சிரிப்பார். மனது கொஞ்சம் லேசாகும், எழுந்து போய்விடுவேன். எட்டு மாதம் இப்படியே போயிற்று. இவ்வளவு கேவலமான ஆறுதலை எவனும் தேடியிருக்க மாட்டான்.

போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதும் வந்தது. அணைக்க யாரும் வரவில்லையே என்று திரும்பினேன். நஸ்ருன்னிசா அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தார். அப்போதுதான் வந்தவர் மாதிரி தெரியவில்லை.

“அவருக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சுதானே தம்பி, வாராவாரம் வந்து சொல்லிக்கினு கீறீங்க?”

நான் எழப் போனேன்.

“நானும் இந்த வூட்டுலதான் கீறேன். எனக்குக் காது நல்லா கேக்குது. முதல் வாரமே கேட்டுது” என்றார். குரல் உயரவில்லை. “நீங்களா ஒரு நாளு அவராண்ட சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்.”

“அக்கா…”

“என்னாண்ட வேணாம். அவருக்குத் தமிழு படிக்கத் தெரியும்.” நோட்டை எடுத்து, வெற்றுப் பக்கமாகத் திருப்பி, என் மடியில் வைத்தார். பேனாவையும் வைத்தார். பிறகு போய் அடுப்பை அணைத்தார்.

பாய் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எழுதினேன். எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கின. ‘அன்னிக்கு என் பையில கல்லு நின்னுது பாய். அதிகாரி முன்னாடி உங்க மானம் போவக் கூடாதுன்னு காலின்னு பொய் சொல்லிட்டேன். நீங்க எறங்கும்போது கூப்ட்டேன்.’

அவர் நோட்டை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். முடித்ததும் மறுபடி முதல் வரிக்குப் போனார். பிறகு அவர் கை என் பக்கம் நீண்டது. அறைவார் என்று நினைத்தேன். அறைந்துவிட மாட்டாரா என்று ஏங்கினேன். சட்டைக் காலரைத்தான் பிடித்தார், முதல் வருடம் பிடித்த அதே இடத்தில். பிடித்து அருகே இழுத்தார்.

“கூப்டியா?”

தலையாட்டினேன்.

“எத்தினி தடவ?”

மூன்று விரலைக் காட்டினேன்.

அவர் அந்த மூன்று விரலையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காலரைப் பிடித்த கை தளர்ந்து என் மார்பில் விழுந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரத்த அந்தக் குரலில் சொன்னார்.

“எனக்குக் கேக்கலை, வேம்பு.”